ஜூன் மாசம் பொறந்தவங்களுக்கெல்லாம் கேட் பாஸ் முடிஞ்ச கதை

ஓனர் எனக்குக் குடுத்த வேலை சின்னதுதான். ஆபீஸ் டிவியில ஒரு ஸ்கிரீன் வரணும். அவ்வளவுதான்.

நான் வேலை பாக்குறது எர்ணாவூர்ல, ஒரு லேபர் கான்ட்ராக்ட் ஆபீஸ்ல. எண்ணூர் பக்கம் இருக்குற ஆலைகளுக்கு வெல்டர், ஃபிட்டர், ஹெல்ப்பர்னு ஆள் அனுப்புறோம். ஆபீஸ்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. கீழ ஹார்டுவேர் கடை, மாடியில நாங்க. ஓனர் பெர்னார்டு சார், சூப்பர்வைசர் காதர் பாய், கம்ப்யூட்டர் முன்னாடி நான்.

நான் படிச்சது செய்யாறு பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்கூடத்துல. கம்ப்யூட்டர் கத்துக்கிட்டது கல்யாணத்துக்கு அப்புறம், பாப்பா மத்தியானம் தூங்குற நேரத்துல, போன்ல வீடியோ பார்த்து. அதனால எனக்கு எந்த விஷயமும் அரை மணி நேரத்துக்குத்தான் தெரியும். அதுக்கு மேல பாப்பா தூங்க மாட்டா.

சார் கேட்டது மூணு விஷயம். இந்த மாசம் யார் யாருக்குப் பொறந்தநாள். யார் யார் வேலைக்குச் சேர்ந்து வருஷம் முடியுது. யார் யாருக்கு கேட் பாஸ் முடியுது.

பொறந்தநாள் எதுக்குன்னா, சார் ராயபுரத்துக்காரர். கேக் வெட்டாம ஒரு மாசம் போனா அவருக்கு உடம்புக்கு ஆகாது. சேர்ந்த நாள் எதுக்குன்னா, ஒரு ஸ்வீட் பாக்ஸ் குடுத்தா ஆள் இன்னொரு வருஷம் நம்ம கிட்டயே இருப்பான்னு ஒரு நம்பிக்கை.

கேட் பாஸ் மட்டும்தான் நிஜமான விஷயம். அந்த அட்டை இல்லாம ஆலைக்குள்ள கால் வைக்க முடியாது. மெடிக்கல் எடுத்து, போட்டோ புடிச்சு, பத்து விரலையும் மெஷின்ல வச்சு, ஒரு வருஷத்துக்குக் குடுப்பாங்க. முடிஞ்ச மறுநாள் கேட்ல அட்டையைக் காட்டினா சிவப்பு லைட்டு எரியும். அங்க நிக்கிற செக்யூரிட்டி சொந்த மச்சானா இருந்தாலும் விட மாட்டார்.

அதுவும் இந்தத் தடவை விஷயம் பெருசு. ஒரு ஆலையில வருஷா வருஷம் நடக்குற ஷட்டவுன் வேலை. பாய்லரை அணைச்சுப் போட்டு, உள்ள ஆள் இறங்கி, எல்லாத்தையும் பழுது பார்த்து வெளிய வரணும். எங்க ஆபீசுக்கு அது கிடைச்சது இதுதான் முதல் தடவை. திங்கக்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு ஆளுங்க உள்ள நிக்கலைன்னா வேலையை வேற கான்ட்ராக்டருக்கு மாத்திடுவோம்னு முதல்லயே சொல்லிட்டாங்க. அந்தத் திங்கக்கிழமைக்காக சார் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருந்தார்.

"பார்த்துப் பண்ணும்மா சங்கீதா. பாஸ் விஷயம்."

"பண்ணிடலாம் சார்."

என் வாழ்க்கையில நடந்த எல்லாத்துக்கும் இந்த 'பண்ணிடலாம்'தான் காரணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்பவும் இதையேதான் சொன்னேன்.

இனிமே கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம். பயப்படாதீங்க, எனக்கே புரிஞ்சது.

ஒரு பட்டியல்ல ஆளுங்க பேரு, கேட் பாஸ் வச்சிருக்குற எல்லாரும். ஒவ்வொரு பேருக்கும் மூணு தேதி: பொறந்தது, சேர்ந்தது, பாஸ் முடியுறது. இன்னொரு பட்டியல் வெறும் காலண்டர். நாள், மாசம், வருஷம், வேற ஒண்ணும் கிடையாது. ஆளுங்க பட்டியல்ல இருக்குற தேதியை இழுத்துட்டுப் போய் காலண்டரோட ஒரு கோடு போட்டு இணைச்சுட்டா, டிவியில 'ஜூன்'னு அமுக்கினதும் ஜூன் ஆளுங்க மட்டும் வந்து நிப்பாங்க. வருஷம் பார்க்க வேண்டாம், மாசம் போதும். பொறந்தநாளும் வருஷா வருஷம் வருது, பாசும் வருஷா வருஷம் முடியுது.

பொறந்த தேதியை இழுத்துக் காலண்டர் மேல விட்டேன். கெட்டியா ஒரு கோடு விழுந்துச்சு.

சேர்ந்த தேதியை இழுத்து விட்டேன். கோடு விழுந்துச்சு, ஆனா புள்ளி புள்ளியா.

பாஸ் முடியுற தேதியை விட்டேன். அதுவும் புள்ளி புள்ளியா.

பேனாவுல மை தீர்ந்தா இப்படித்தான் எழுதும். கம்ப்யூட்டர்லயும் அப்படி ஏதாவது தீர்ந்துபோயிருக்கும்னு விட்டுட்டேன். கோடு விழுந்துச்சா இல்லையா? விழுந்துச்சு. வேற என்ன வேணும்.

பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது இது. ரெண்டு பட்டியலுக்கு நடுவுல எத்தனை கோடு வேணாலும் போட்டுக்கலாம். ஆனா ஒரு கோட்டுலதான் கரண்ட் ஓடும். மத்ததெல்லாம் சும்மா இழுத்துக் கட்டின கம்பி. அந்தக் கம்பியிலயும் கரண்ட் ஓடணும்னா, அந்தந்தக் கணக்குக்குள்ள போய் 'இதுக்கு மட்டும் அந்தக் கோட்டை எடுத்துக்கோ'ன்னு தனியா எழுதிச் சொல்லணும். வீடியோவுல இதைத் தெளிவா சொல்லியிருக்காங்க. பிற்பாதியில. பாப்பா முற்பாதியிலேயே எழுந்து, "அம்மா, ஆய்"னுட்டா.

டிவியைப் போட்டேன். ஜூனை அமுக்கினேன். மூணு பெட்டி வந்துச்சு.

பொறந்தநாள்: முப்பத்தெட்டு.

வருஷம் முடிச்சவங்க: முப்பத்தெட்டு.

பாஸ் முடியுறவங்க: முப்பத்தெட்டு.

வேற யாராயிருந்தாலும் அங்கயே நின்னு யோசிச்சிருப்பாங்க. நான் ஸ்கூல்ல இந்தப் பக்கம் கூட்டினதும் அந்தப் பக்கம் கூட்டினதும் ஒண்ணா வரலைன்னு அடி வாங்கியே வளர்ந்தவ. மூணு பெட்டியிலயும் ஒரே எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. டேலி ஆயிடுச்சு.

போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் ஹார்பர்ல கிரேன் ஓட்டுறார். "சூப்பர்"னு பதில் வந்துச்சு. நான் எதை அனுப்பினாலும் அவர் கிட்டேர்ந்து "சூப்பர்"தான் வரும். கேஸ் தீந்துபோச்சுன்னு அனுப்பினதுக்கும் அதான் வந்துச்சு.

சார் வந்து டிவி முன்னாடி நின்னார். முதல் பெட்டியைப் பார்த்துச் சிரிச்சார். "முப்பத்தெட்டு பொறந்தநாளா? கேக் பெருசா சொல்லணும்." மூணாவது பெட்டிக்கு வந்தார். சிரிப்பு அங்கயே இறங்கிடுச்சு.

"முப்பத்தெட்டு பேருக்கா பாஸ் முடியுது?"

"ஆமா சார்."

"ஷட்டவுனுக்குப் போற ஆளே அறுபது பேர்தானேம்மா?"

"அதான் சார். நல்லவேளை இப்பவே பார்த்தோம்."

இந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். அதுவும் கொஞ்சம் பெருமையா.

"எந்தெந்தத் தேதியில முடியுதுன்னு போடலையா?"

"பேரு மட்டும்தான் சார் போட்டிருக்கேன். கேக் படத்துக்கு இடம் பத்தலைன்னு தேதியை எடுத்துட்டேன்."

சார் கேக் படத்தைப் பார்த்தார். நல்ல படம். மூணு அடுக்கு.

காதர் பாய் கையில டீ டம்ளரோட படியேறி வந்தார். தண்டையார்பேட்டைக்காரர், இருபது வருஷமா ஆளுங்களை மேய்க்கிறவர்.

"இன்னா சார், டிவில நியூஸ் வர்ல?"

"பாய், நம்ம ஆளுங்க முப்பத்தெட்டு பேருக்கு இந்த மாசம் பாஸ் காலி."

"யார் சொன்னது?"

சார் டிவியைக் காட்டினார். பாய் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிச்சார். டீயை ஒரு வாய் குடிச்சார்.

"கம்ப்யூட்டரே சொல்லிகினு கீது. அப்பாலிக்கா இன்னா கேள்வி?"

ஷட்டவுன் நடுவுல ஆளுங்க ஒவ்வொருத்தரா கேட்ல நின்னா மானம் போயிடும்னு சார் முடிவு பண்ணிட்டார். முப்பத்தெட்டு பாசையும் திங்கக்கிழமைக்குள்ள புதுப்பிக்கணும். அதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, பழைய அட்டையை பாஸ் ஆபீஸ்ல ஒப்படைக்கணும். ரெண்டு, எல்லாருக்கும் புதுசா மெடிக்கல் எடுக்கணும். ஒப்படைக்கிறது பாய் பொறுப்பு. மெடிக்கல் என் பொறுப்பு.

குரூப்ல செய்தி போட்டேன். சாயந்திரமே ஏழுமலை அண்ணன் ஆபீசுக்கு வந்துட்டார். எங்க கிட்ட இருக்குற வெல்டர்லயே சீனியர். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம், கொருக்குப்பேட்டைக்கு வந்து பாதி வாழ்க்கை ஆச்சு.

"தங்கச்சி, என் அட்டைல டிசம்பர்னு போட்டுக்கீதே."

"அட்டையில இருக்குறது பழசுண்ணே. சிஸ்டத்துல இருக்குறதுதான் இப்போ செல்லும்."

"அட்டையே போன டிசம்பர்ல குட்த்ததுதான்மா."

"சிஸ்டம் இன்னைக்குப் போட்டதுண்ணே."

அவர் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எது புதுசுன்னு பார்த்தா நான்தான் ஜெயிக்கிறேன். அட்டையைக் குடுத்துட்டுப் போயிட்டார்.

சனிக்கிழமை காலையில திருவொத்தியூர்ல ஒரு கிளினிக். முப்பத்தெட்டு பேரும் வெறும் வயித்தோட வந்திருக்காங்க. சுகர் டெஸ்ட் இருக்கு, சாப்பிடாம வாங்கன்னு நான்தான் செய்தி போட்டிருந்தேன். வெல்டர்ங்க பசியோட வரிசையில நின்னு நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. எதிர்த்தாப்புல ஒரு இட்லிக் கடை வேற.

நர்ஸ் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு எழுதிக்கிட்டாங்க.

"பேரு?"

"ஏழுமலை."

"பொறந்த தேதி?"

"ஜூன் ஒண்ணு."

"அடுத்து. பொறந்த தேதி?"

"ஜூன் அஞ்சு."

"அடுத்து."

"ஜூன் ஒண்ணு."

"அடுத்து."

"ஜூன் மூணுங்க."

நர்ஸ் பேனாவை மேசை மேல வச்சாங்க. என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

"ஏம்மா, உங்க கம்பெனியில ஜாதகம் பார்த்துத்தான் ஆள் எடுப்பீங்களா?"

"அதில்ல சிஸ்டர். இவங்கெல்லாம் கிராமத்துல படிச்சவங்க."

"அதனால?"

எனக்கு இந்த மாதிரி விளக்கம் சொல்ற வாய்ப்பு கிடைச்சா விடவே மாட்டேன். சேர் எடுத்துப் போட்டு உக்கார்ந்துட்டேன்.

"அம்மா புள்ளையைக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போவாங்க சிஸ்டர். ஹெட்மாஸ்டர் பொறந்த தேதி கேப்பார். அம்மா, 'மணிலாக்கொட்டை புடுங்கினப்போ, எங்க செவலை மாடு கன்னு போட்ட வாரம்'பாங்க. ஹெட்மாஸ்டர் புள்ளையைக் கூப்பிட்டு, கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்வார். தொட்டுட்டா அஞ்சு வயசு ஆச்சுன்னு அர்த்தம். பள்ளிக்கூடம் திறக்குறது ஜூன். அதனால புள்ளை பொறந்ததும் ஜூன்."

வரிசையில இருந்தவங்க எல்லாம் தலையாட்டினாங்க. ஒருத்தர் கையைத் தலைக்கு மேல போட்டுத் தொட்டே காட்டினார்.

"உனக்கும் அப்படித்தானா?"

"என்னுது ஜூன் மூணு சிஸ்டர். எங்கம்மா கணக்குப்படி நான் பொறந்தது ஐப்பசி மழையில. எங்க வகுப்புல பாதிப் பேருக்கு ஒரே நாள் பொறந்தநாள். எல்லார் கையிலயும் மிட்டாய் இருக்கும். வாங்கிக்கத்தான் ஆள் இருக்காது."

நர்ஸ் சிரிச்சாங்க. பசியோட நின்ன வெல்டர்ங்களும் சிரிச்சாங்க. எனக்கு உற்சாகம் தாங்கல.

"எங்க ஆபீஸ்லயும் அதே கதைதான் சிஸ்டர். டிவியில ஜூனை அமுக்கினா பொறந்தநாள் முப்பத்தெட்டு வருது. வருஷம் முடிச்சவங்க முப்பத்தெட்டு. பாஸ் முடியுறவங்க முப்பத்..."

வாய் அங்கயே நின்னுபோச்சு.

வரிசையைப் பார்த்தேன். கேக் வெட்டறதுக்கு நான் எழுதி வச்சிருந்த பேரும் மெடிக்கலுக்கு வந்து நிக்கிற பேரும் ஒண்ணு. ஒரு ஆள் கூடல, ஒரு ஆள் குறையல. பாஸ் எப்போ முடியுதுன்னு என் சிஸ்டம் பார்க்கவே இல்ல. மூணு பெட்டிக்கும் அது ஒரே கோட்டுல போய் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கு: இவரை ஹெட்மாஸ்டர் எந்த மாசம் பொறக்க வச்சார்?

"என்னம்மா, முழிக்கிற?" நர்ஸ் கேட்டாங்க.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒரு போன் பண்ணிக்கிறேன்."

காதர் பாய் ரெண்டாவது ரிங்குலயே எடுத்தார்.

"பாய், எங்க இருக்கீங்க?"

"பாஸ் ஆபீஸ் வாசல்லமா. மேட்டர் முட்சாச்சு. ஒரு டீ சொல்லிக்கீறேன்."

"அட்டையெல்லாம் குடுத்துட்டீங்களா?"

"குட்த்துட்டேன்."

"திரும்ப வாங்க முடியுமா?"

"கேட்டா தருவான். ஆனா வாங்கி இன்னா பண்றது? அல்லாத்துலயும் ஓட்டை போட்டுட்டான்."

"எல்லாத்துலயுமா?"

"முப்பத்தெட்டுலயும். ஒரு மெஷினு வச்சிக்கிறாங்க. டக்கு டக்குன்னு போட்டான். பாக்கவே ஜோரா இர்ந்துச்சு."

போனை வச்சேன். ஏழுமலை அண்ணன் ரத்தம் குடுத்துட்டு, முழங்கையில பஞ்சை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு வந்தார்.

"இன்னா தங்கச்சி, மூஞ்சி இப்டி ஆய்ட்ச்சு?"

அவர் கிட்டத்தான் முதல்ல சொன்னேன். கோட்டுலேர்ந்து ஆரம்பிச்சு ஹெட்மாஸ்டர் வரைக்கும் சொன்னேன். பொறுமையா கேட்டார்.

"அப்போ என் அட்டை நெசமாவே டிசம்பர் வரைக்கும்..."

"இருந்துச்சுண்ணே."

"இப்போ?"

"ஓட்டைண்ணே."

பஞ்சைக் குப்பைக் கூடையில போட்டார். அப்புறம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார்.

"அப்போ இட்லி துண்ணலாமா?"

"இன்னும் பிரஷர் பார்க்கணும்ணே."

அடுத்து சாருக்குப் போன் பண்ணினேன். "சார், ஒரு சின்ன விஷயம்"னு ஆரம்பிச்சேன். சின்ன விஷயம்னு ஆரம்பிச்சாலே அவருக்குத் தெரிஞ்சுடும். குறுக்க பேசாம முழுசா கேட்டார். அதுதான் பயமா இருந்துச்சு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"சரி. திங்கக்கிழமை உள்ள போறதுக்கு இப்போ யாரெல்லாம் மிச்சம்?"

"ஜூன்ல பொறக்காதவங்க சார்."

"அப்படீன்னா?"

"ராயபுரம், கொருக்குப்பேட்டை பசங்க. ஆஸ்பத்திரியில பொறந்தவங்க. நிஜத் தேதி வச்சிருக்கவங்க."

"எல்லாம் ஹெல்ப்பர் பசங்களாச்சேம்மா. வெல்டர்?"

"வெல்டர் எல்லாரும் கிராமம் சார். வெளிய."

"ஹெல்ப்பர் மட்டும் உள்ள போய் என்னம்மா பண்ணுவாங்க?"

"வெல்டிங் ராடு எடுத்துக் குடுப்பாங்க சார்."

"யாருக்கு?"

சார் பெருமூச்சு விட்டார். "மெடிக்கலை முடிச்சு ரிப்போர்ட்டை இன்னைக்கே வாங்கு. ஷட்டவுன் சமயம்கிறதால பாஸ் ஆபீஸ் நாளைக்கும் திறந்திருக்கும். அழுதோ கெஞ்சியோ புது பாஸ் வாங்கணும். இல்லைன்னா திங்கக்கிழமை வேலை நம்மளது இல்லை." நிறுத்தினார். "நான் கோயிலுக்குப் போறேன்."

ரிப்போர்ட் திங்கக்கிழமைதான் வரும்னு நர்ஸ் சொன்னாங்க. நான் நடந்ததைச் சொன்னேன். அவங்க அரை நிமிஷம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் உள்ள போய் டாக்டர் கிட்ட என்னவோ சொன்னாங்க. உள்ளேர்ந்து ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து, "சாயந்திரத்துக்குள்ள தந்துடுறோம்"னாங்க. சிரிப்பு அவ்வளவு பெரிய வேலையைப் பண்ணும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

எல்லாரும் தேறிட்டாங்க. ஏழுமலை அண்ணன் மட்டும் மாட்டிக்கிட்டார்.

"பிரஷர் ஏறியிருக்கேண்ணா. எப்பவும் இருக்குறதா?"

"இல்லமா. இந்தத் தங்கச்சி பேசினதுக்கு அப்பாலதான்."

நர்ஸ் என் பக்கம் திரும்பினாங்க. "நீ கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லும்மா."

நான் வெளிய போய் நின்னேன். அவருக்கு இட்லியும் மோரும் வாங்கிக் குடுத்து, ஃபேன் கீழ உக்கார வச்சு, திரும்பப் பார்த்திருக்காங்க. பிரஷர் இறங்கிடுச்சு. ரிப்போர்ட்ல 'தகுதி'ன்னு எழுதிக் குடுத்தாங்க. நான் இல்லாத இடத்துல அவர் ஆரோக்கியமாத்தான் இருக்கார்.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரருக்கு டியூட்டி. பாப்பாவை இடுப்புல தூக்கிக்கிட்டு, ரிப்போர்ட்டையெல்லாம் பையில போட்டுக்கிட்டு பாஸ் ஆபீசுக்குப் போனேன். பின்னாடி முப்பத்தெட்டு பேர். காதர் பாய் முன்னாடி. பார்க்க ஏதோ பொண்ணு கேட்டுப் போற மாதிரி இருந்துச்சு.

கவுன்டர்ல இருந்தவர் கண்ணாடியை மேல தள்ளிவிட்டுக்கிட்டு எங்க விண்ணப்பத்தையும் ஓட்டை போட்ட அட்டையையும் மாத்தி மாத்திப் பார்த்தார்.

"இது டிசம்பர் வரைக்கும் இருந்திருக்கு. இது அக்டோபர். இது மார்ச்சு. இதையெல்லாம் ஏன் ஒப்படைச்சீங்க?"

நான் பாப்பாவோட சட்டைப் பட்டனைச் சரி பண்ண ஆரம்பிச்சேன்.

காதர் பாய்தான் சொன்னார். "முன்ஜாக்கிரதை சார்."

"புது பாஸ் போட ரெண்டு மூணு நாள் ஆகும். நிறைய கம்பெனி வரிசையில இருக்கு."

"நாளைக்கு காலைல ஷிஃப்ட்டு சார். ஆளு உள்ள இல்லன்னா வேலை பூடும்."

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? வரிசைப்படிதான் வரும். முதல்ல பேரை ஏத்திக்கிறேன். சொல்லுங்க."

ஏழுமலை அண்ணன் முன்னாடி போனார். "ஏழுமலை. ஜூன் ஒண்ணு."

அடுத்தவர். "ஜூன் அஞ்சு."

அடுத்தவர். "ஜூன் ஒண்ணு."

கீபோர்டு சத்தம் நின்னுடுச்சு. அவர் தலையைத் தூக்கி வரிசை முழுக்கப் பார்த்தார். நான் வாயே திறக்கல. போன தடவை விளக்கம் சொன்னப்ப என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

"எந்த ஊரு?" ஏழுமலை அண்ணனைக் கேட்டார்.

"திண்டிவனம் பக்கம் சார்."

"காதைத் தொட்டீங்களா?"

"தொட்டேன் சார். மொத தபாவே."

"எனக்கு எட்டல. அடுத்த வருஷம் வான்னு ஹெட்மாஸ்டர் திருப்பி அனுப்பிட்டார்." கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "என்னுது ஜூன் ரெண்டு."

அவர் பக்கத்து மேசைப் பையனைக் கூப்பிட்டு, கேமராவை ஆன் பண்ணச் சொன்னார்.

அதுக்கப்புறம் அவர் சீட்டை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. போட்டோ ஓடுச்சு. விரல் மெஷின்தான் தகராறு பண்ணிச்சு. வருஷக்கணக்கா சூட்டுல வேலை செஞ்ச கை, ரேகையே தேஞ்சுபோயிருக்கு. மெஷின் 'மீண்டும் வைக்கவும்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. காதர் பாய் ஒவ்வொருத்தர் விரலையும் தன் கர்சீப்பால துடைச்சு, "ஊது, ஊது. அமுக்காத நைனா, சும்மா வையி"ன்னு பக்கத்துலயே நின்னார். முப்பத்தெட்டு பேர், ஆளுக்குப் பத்து விரல். அந்தக் கர்சீப்பை அவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல.

நடுவுல பாப்பா கவுன்டர் மேல ஏறி உக்கார்ந்துட்டா. அந்த சார் அவ கிட்ட ஒரு பேனாவைக் குடுத்து, "உன் பொறந்தநாள் எப்பம்மா?"ன்னு கேட்டார்.

"ஆகஸ்ட்டு."

"டவுன் புள்ள சார்," காதர் பாய் சொன்னார். "ஒரிஜினல் தேதி."

சாயந்திரம் முப்பத்தெட்டு அட்டையும் கையில வந்துச்சு. சூடா இருந்துச்சு. ஏழுமலை அண்ணன் தன்னுதை முன்னாடி பின்னாடி திருப்பிப் பார்த்துட்டு, சட்டைப் பைக்குள்ள வச்சு, மேல கையை வச்சுக்கிட்டார்.

"குடுங்கண்ணே, நான் பத்திரமா வச்சிருந்து காலையில..."

"வேணாம் தங்கச்சி."

நியாயம்தான்.

திங்கக்கிழமை காலையில பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு ஆபீசுக்கு வந்தேன். உக்கார முடியல. நின்னுக்கிட்டே போனைப் பார்த்தேன். வந்துச்சு.

"அல்லாரும் உள்ள பூட்டாங்கமா," காதர் பாய் கத்தினார். பின்னாடி ஒரே இரைச்சல். "ஒத்தன் கூட நிக்கல. இன்ஜினியரு தலையை எண்ணிப் பாத்து கையெழுத்தும் போட்டுட்டாரு. வேலை நம்மள்து. நீ டீ குடி."

டீ குடிச்சேன். அப்புறம் ஆபீஸ்ல தனியா உக்கார்ந்து அந்த வீடியோவோட பிற்பாதியைப் பார்த்தேன். ரெண்டே வரி எழுதணும். பாஸ் கணக்குக்குள்ள போய், 'இதுக்கு பாஸ் தேதியோட கோட்டை எடுத்துக்கோ'ன்னு எழுதினேன். சேர்ந்த தேதிக்கும் அதே மாதிரி எழுதினேன். கேக் படத்தை எடுத்துட்டு அந்த இடத்துல தேதியைப் போட்டேன்.

ஜூனை அமுக்கினேன். மூணு பெட்டியிலயும் மூணு விதமான எண். பார்க்க அசிங்கமா இருந்துச்சு, ஆனா நிஜம் அப்படித்தான் இருக்கும் போல.

பாஸ் முடியுறவங்க: நாலு பேர். மூணு பேருக்கு மாசக் கடைசியில. நிதானமா பார்த்துக்கலாம். முதல் பேருக்கு மட்டும் நேத்தோட முடிஞ்சிருந்துச்சு. யாருன்னு பார்த்தேன்.

பெர்னார்டு.

அந்த நேரத்துல போன் அடிச்சுச்சு.

"சங்கீதா, நான் கேட்ல நிக்கிறேன். சிவப்பு லைட்டு எரியுது. எல்லாரும் உள்ள போயிட்டாங்க, என்னை மட்டும் விட மாட்டேங்கிறாங்க."

"சார், உங்க பொறந்தநாள் எந்த மாசம்?"

"நவம்பர். ராயபுரத்துல ஆஸ்பத்திரியில பொறந்தேன், சர்டிஃபிகேட்டே இருக்கு. இப்போ அது எதுக்கும்மா?"

"அதான் சார் பிரச்சினை."

அன்னைக்குத்தான் என் ரிப்போர்ட் முதன்முதலா சரியாச் சொல்லிச்சு. பாராட்ட வேண்டியவர்தான் வெளிய நின்னுக்கிட்டு இருந்தார்.